‘ஸ்டார்ட்’ எங்கே மக்கர் பண்ணுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஸ்டார்ட் என்ற ஆங்கில வினைச்சொல்லை யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர்கூட “வண்டி ஸ்டார்ட் ஆகல” என்று சொல்லிவிடுவார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சொல் தமிழுக்குள் வந்து, பண்ணு, ஆகு என்ற இரண்டு துணைகளைச் சேர்த்துக்கொண்டு, நம் ஊர் வழக்கப்படி வாழ்ந்து பழகிவிட்டது. ஆங்கிலம் பேசும்போது நாம் எடுத்து விடுவது பெரும்பாலும் அந்தத் தமிழ் ஸ்டார்ட்டைத்தான். அதனால் பிழை செய்கிறோம் என்றே தெரிவதில்லை. கேட்பவரும் நம்மூர்க்காரராக இருந்தால் அவருக்கும் தெரிவதில்லை. அதன் பங்காளியான பிகின் தமிழுக்குள் வரவே இல்லை. அதில் வரும் கோளாறு வேறு மாதிரி.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: “கிளம்பிட்டேன்” என்று சொல்கிறீர்கள், எதிராளி வேலை தொடங்கிவிட்டதாக நினைக்கிறார்

காலை ஒன்பதே கால். லண்டன்காரரான மேலாளருக்கு நீங்கள் செய்தி அனுப்புகிறீர்கள்: “ஐ ஆம் ஸ்டார்ட்டிங் நௌ.” அவர் உடனே பதில் போடுகிறார்: “கிரேட், சென்ட் மீ த ஃபர்ஸ்ட் பார்ட் பை டென்.” நீங்களோ அப்போதுதான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வேளச்சேரி சிக்னலையே இன்னும் தாண்டவில்லை.

காரணம் எளிது. கிளம்பு, புறப்படு என்று தமிழில் தனி வினைகள் இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த இரண்டுக்கும் ஸ்டார்ட்டையே போட்டுவிடுகிறோம். “ஐ ஹேவ் ஸ்டார்ட்டட் ஃப்ரம் ஹோம்” என்பது இந்தியா முழுக்கப் புழங்கும் வாக்கியம். சென்னையிலோ பெங்களூருவிலோ யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். பிரிட்டன்காரருக்கும் அமெரிக்கருக்கும் அது பாதியில் நின்ற வாக்கியம்போலக் கேட்கும். எதை ஆரம்பித்தாய்?

திருத்தம்: லீவ் என்ற வினையை எடுங்கள். “ஐ ஹேவ் லெஃப்ட் ஹோம்.” “ஐ ஆம் லீவிங் நௌ.” வழியில் இருந்தால் “ஐ ஆம் ஆன் மை வே.” இதிலும் ஒரு பொறி உண்டு: “லெஃப்ட் ஃப்ரம் ஹோம்” என்று ஃப்ரம்மைக் கூடவே கூட்டிக்கொண்டு வராதீர்கள். ‘வீட்டிலிருந்து’ என்பதில் உள்ள ‘இருந்து’தான் அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. லீவ் நேராக இடத்தைப் பிடிக்கும்: லெஃப்ட் ஹோம், லெஃப்ட் த ஆஃபீஸ், லெஃப்ட் சென்னை.

ஸ்டார்ட்டுக்குப் புறப்படுதல் என்ற பொருளே கிடையாது என்று சொல்லவில்லை. “வி ஸ்டார்ட்டட் ஃபார் மதுரை அட் டான்” என்பது சரியான ஆங்கிலம்தான். பழைய பயணக் கதைகளில் நிறையப் பார்க்கலாம். நெடும்பயணத்துக்கு இன்று செட் ஆஃப், செட் அவுட் என்பவையே கை வழக்கு. பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கு எதுவும் வேண்டாம், லீவ் போதும்.

ரயிலுக்கு வந்தால் ஒரு நுணுக்கம். “த டிரெயின் ஸ்டார்ட்ஸ் ஃப்ரம் எக்மோர்” என்பது சரி, ஏனென்றால் வண்டி உருவாகிக் கிளம்பும் இடமே அதுதான். அதே வண்டி விழுப்புரத்தில் நின்று எடுத்தால் அங்கே அது ஸ்டார்ட் ஆவதில்லை, லீவ்ஸ் அல்லது டிபார்ட்ஸ். கால அட்டவணைப்படி நடப்பதற்கு வில் போட வேண்டிய அவசியமும் இல்லை: “இட் லீவ்ஸ் அட் சிக்ஸ் டென்” என்றாலே நாளைக்கும் அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் பேசியதாகிவிடும்.

அறிகுறி: “கிளாசஸ் வில் பி ஸ்டார்ட்டட் ஃப்ரம் மண்டே ஆன்வர்ட்ஸ்”

இந்த வாக்கியத்தை நீங்கள் ஏதாவது ஓர் அறிவிப்புப் பலகையில் பார்த்திருப்பீர்கள். டியூஷன் சென்டர், கணினிப் பயிற்சி நிலையம், அடுக்குமாடிக் குடியிருப்பின் யோகா வகுப்பு என்று எங்கும் இதே வாக்கியம்தான், பாடம் மட்டும் மாறும். ஏழே சொல்லில் மூன்று இடத்தில் பிடிக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்.

முதலாவது, பி ஸ்டார்ட்டட். இதுதான் பெரிய நோய், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். தமிழில் ஒருவர் செய்வது ஒரு வடிவம், தானாக நடப்பது இன்னொரு வடிவம். நான் ஆரம்பித்தேன், வகுப்பு ஆரம்பமானது. நான் ஸ்டார்ட் பண்ணினேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஆகு வரும் இடத்தில் எல்லாம் ஆங்கிலத்திலும் ஏதோ ஒன்று கூடுதலாக வர வேண்டும் என்று உள்மனம் அடித்துச் சொல்கிறது. போதாததற்கு அரசு அறிவிப்புகளில் ‘தொடங்கப்படும்’ என்று படித்துப் படித்துப் பழகியிருக்கிறோம். அதனால் பி, இஸ், வாஸ் என்று ஏதாவது ஒன்றை உள்ளே செருகிவிடுகிறோம்.

ஆங்கிலத்தில் ஸ்டார்ட் இரண்டு வேலையையும் தனியாகவே பார்த்துக்கொள்ளும். “த டீச்சர் ஸ்டார்ட்டட் த கிளாஸ்.” “த கிளாஸ் ஸ்டார்ட்டட்.” வடிவத்தில் மாற்றமே இல்லை. ஓபன், குளோஸ், ஸ்டாப், பாயில், பிரேக் எல்லாம் இதே இனம். கதவு தானாகத் திறந்தாலும் “த டோர் ஓபன்ட்”தான். நீங்கள் திறந்தாலும் “ஐ ஓபன்ட் த டோர்”தான்.

“மேட்ச் ஸ்டார்ட் ஆயிடுச்சு” என்பதற்கு “த மேட்ச் இஸ் ஸ்டார்ட்டட்” என்று வருவதும் இதே கோளாறுதான். ‘ஆயிடுச்சு’ என்றால் இப்போது முடிந்த செயல், அதற்கு ஹேஸ். “த மேட்ச் ஹேஸ் ஸ்டார்ட்டட்.” கேள்வியாகக் கேட்டால் “ஹேஸ் த மேட்ச் ஸ்டார்ட்டட்?” அமெரிக்கர்கள் “டிட் த மேட்ச் ஸ்டார்ட் யெட்?” என்றும் கேட்பார்கள், அதையும் பிழை என்று திருத்தக் கிளம்பாதீர்கள்.

அப்படியானால் வாஸ் ஸ்டார்ட்டட் எங்கேயும் வராதா? வரும். யார் செய்தார், எது செய்தது என்பது முக்கியமாக இருந்தால் வரும். “த ஃபயர் வாஸ் ஸ்டார்ட்டட் பை எ சிகரெட்.” தீயை மூட்டியது எது என்பதுதான் அங்கே செய்தி. வாக்கியத்தின் கடைசியில் பை போட்டு ஓர் ஆளையோ பொருளையோ வைத்துப் பாருங்கள். இயல்பாக உட்கார்ந்தால் பி, வாஸ் இருக்கட்டும். திங்கட்கிழமை வகுப்புக்கு யாரைக் கொண்டுபோய் வைப்பீர்கள்?

“லெட்ஸ் கெட் ஸ்டார்ட்டட்” என்பது மட்டும் தனிக்கணக்கு. அது வழக்கு மொழி, சரியானது, கூட்டம் தொடங்கும்போது தாராளமாகச் சொல்லலாம்.

இரண்டாவது, ஃப்ரம். ‘திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு’ என்ற தமிழை அப்படியே தூக்கிக்கொண்டு போனதால் வந்தது. தொடங்குதல் ஒரு புள்ளியில் நடந்து முடிந்துவிடும். புள்ளிக்கு ஃப்ரம் வேண்டாம். கிழமைக்கும் தேதிக்கும் ஆன், கடிகார நேரத்துக்கு அட், மாதத்துக்கும் ஆண்டுக்கும் இன். “ஸ்டார்ட்ஸ் ஆன் மண்டே”, “ஸ்டார்ட்ஸ் அட் நைன்”, “ஸ்டார்ட்ஸ் இன் ஜூன்”.

மூன்றாவது, ஆன்வர்ட்ஸ். ஃப்ரம் போனால் இதுவும் தானாகக் கழன்றுவிடும். தொடர்ந்து நீடிக்கும் ஒன்றுக்கு இந்த இரண்டும் பொருந்தும்: “த ஆஃபீஸ் வில் பி ஓபன் ஃப்ரம் மண்டே ஆன்வர்ட்ஸ்” என்பதில் தவறில்லை. அலுவலகம் திங்கள், செவ்வாய், புதன் என்று திறந்தே இருக்கும். வகுப்பு செவ்வாய்க்கிழமை மறுபடி தொடங்குவதில்லையே.

ஆக, பலகையில் எழுத வேண்டியது: “கிளாசஸ் ஸ்டார்ட் ஆன் மண்டே.” நான்கே சொல். பெயின்ட் செலவும் மிச்சம்.

ஸ்டார்ட்டுக்குப் பக்கத்தில் ஃப்ரம் சரியாக உட்காரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லா ஃப்ரம்மையும் வெட்டிவிடுவீர்கள். இடத்துக்கு வரும் (எக்மோர் உதாரணம்). விலைக்கு வரும்: “ரூம்ஸ் ஸ்டார்ட் ஃப்ரம் 1500 ருப்பீஸ்.” பக்கத்துக்கும் எண்ணுக்கும் வரும்: “ஸ்டார்ட் ஃப்ரம் பேஜ் 12.”

அறிகுறி: “ஐ ஸ்டார்ட்டட் பிஃபோர் டூ இயர்ஸ்”

நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி காதில் விழுவது. ‘இரண்டு வருஷத்துக்கு முன்னாடி’ என்பதில் முன்னாடியை பிஃபோர் ஆக்கியதன் விளைவு. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அகோ, அதுவும் காலத்துக்குப் பிறகு: “ஐ ஸ்டார்ட்டட் டூ இயர்ஸ் அகோ.” ஹேவ் சேர்த்து “ஐ ஹேவ் ஸ்டார்ட்டட் டூ இயர்ஸ் அகோ” என்று சொன்னால் மரியாதை கூடிவிடாது, பிழைதான் கூடும். நேற்று, போன மாதம், 2019, இரண்டு ஆண்டு முன்பு என்று காலத்தைச் சுட்டிவிட்டால் ஹேவ் அங்கே நிற்காது.

இதன் தங்கை: “ஐ ஸ்டார்ட்டட் லேர்னிங் டிரைவிங் சின்ஸ் 2019.” தொடங்கியது ஒரு நாள் விஷயம், சின்ஸ் இன்றுவரை நீளும் விஷயம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால் இழுபறிதான். தொடங்கிய நாள் முக்கியம் என்றால் “ஐ ஸ்டார்ட்டட் இன் 2019”. இன்றும் தொடர்கிறது என்பது முக்கியம் என்றால் ஸ்டார்ட்டையே எடுத்துவிட்டு “ஐ ஹேவ் பீன் லேர்னிங் சின்ஸ் 2019”. (அத்தனை வருஷமாகவா என்று கேட்டால் அது வேறு பிரச்சினை.)

கேள்வி கேட்கும்போதும் இது வரும். “எப்போதிலிருந்து இங்கே வேலை பார்க்கிறீர்கள்?” என்பதை “ஃப்ரம் வென் யூ ஆர் வொர்க்கிங் ஹியர்?” என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டு வழிதான்: “வென் டிட் யூ ஸ்டார்ட் ஹியர்?” அல்லது “ஹௌ லாங் ஹேவ் யூ பீன் வொர்க்கிங் ஹியர்?” முன்னதற்கு ஒரு தேதி பதில், பின்னதற்கு ஒரு கால அளவு பதில்.

அறிகுறி: அடுத்து வரும் வினை ஒட்ட மறுக்கிறது

“ஸ்டார்ட்டட் டு வொர்க்கிங்”, “ஸ்டார்ட்டட் வொர்க்”, “ஸ்டார்ட்டட் டு வொர்க்ட்” என்று குழம்புகிறதா? தமிழில் வேலை எளிது: படிக்க, பேச, ஓட என்று எந்த வினையையும் போட்டு ‘ஆரம்பி’யைச் சேர்த்தால் முடிந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வடிவம் உண்டு. “ஸ்டார்ட்டட் டு ரெயின்” அல்லது “ஸ்டார்ட்டட் ரெயினிங்”. டு போட்டால் வினையின் வெறும் வடிவம். டு இல்லாவிட்டால் இங். இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது, இரண்டையும் விட்டுவிடவும் கூடாது. பிகினுக்கும் இதே விதி.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். “ஸ்டார்ட்டட் வொர்க்” என்று ஆங்கிலேயர்களே சொல்கிறார்களே என்றால், சொல்கிறார்கள். அங்கே வொர்க் பெயர்ச்சொல், வேலை. ஸ்டார்ட் ஸ்கூல், ஸ்டார்ட் காலேஜ் போல. “ஸ்டார்ட்டட் ஈட்” என்று வராது.

எந்த வடிவம் எங்கே என்றால், பெரும்பாலும் எது வேண்டுமானாலும் சரி. மூன்று இடத்தில் மட்டும் டு பக்கம் சாய்வது நல்லது. ஸ்டார்ட்டே இங் வடிவில் இருந்தால் அடுத்ததற்கும் இங் வேண்டாம், காதுக்கு நாராசம்: “இட்ஸ் ஸ்டார்ட்டிங் டு ரெயின்.” மனதுக்குள் நடப்பவற்றுக்கு டு: “ஐ பிகேன் டு அண்டர்ஸ்டாண்ட்.” தொடங்கிப் பாதியில் நின்றதற்கும் டு: “ஹி ஸ்டார்ட்டட் டு சே சம்திங், பட் ஸ்டாப்ட்” — வாயெடுத்தார், ஆனால் சொல்லவில்லை.

“டிட் நாட் ஸ்டார்ட்டட்” பற்றி ஒரே வரி: டிட் ஏற்கெனவே இறந்த காலத்தைச் சுமந்துவிட்டது, அடுத்த வினை மறுபடி சுமக்க வேண்டாம். “டிட் நாட் ஸ்டார்ட்.” “டிட் நாட் பிகின்.”

அறிகுறி: பிகேனா, பிகனா?

ஸ்டார்ட்டுக்கு எட் போட்டால் தீர்ந்தது. பிகின் பழைய காலத்து வினை, உள்ளே உயிரெழுத்து மாறும்: பிகின், பிகேன், பிகன். சிங், சேங், சங் மாதிரி; டிரிங்க், டிரேங்க், டிரங்க் மாதிரி; ஸ்விம், ரிங் எல்லாம் அதே குடும்பம். ஒன்று தெரிந்தால் மற்றவற்றைப் பாட்டாகவே சொல்லிவிடலாம். நடுவில் உள்ளது தனியாக நிற்கும்: “த மீட்டிங் பிகேன் அட் டென்.” கடைசியில் உள்ளதற்கு ஹேவ், ஹேஸ், ஹேட் என்று ஏதாவது துணை வேண்டும்: “த மீட்டிங் ஹேஸ் பிகன்.” “ஹேஸ் பிகேன்” என்று ஆங்கில நாட்டவர்களே சறுக்குவது உண்டு. “வெல் பிகன் இஸ் ஹாஃப் டன்” என்ற பழமொழி ஞாபகத்தில் இருந்தால் மூன்றாவது வடிவம் மறக்காது.

எழுத்துக்கூட்டில் பிகினிங், பிகினர் இரண்டிலும் என் என்ற எழுத்து இரட்டிக்கும். ஓபனிங்கில் ஏன் இரட்டிக்கவில்லை? ஓபனில் அழுத்தம் முதல் அசையில், பிகினில் இரண்டாம் அசையில். கடைசி அசையில் அழுத்தம் விழுந்து, ஒரு குறில் உயிரும் ஒரு மெய்யுமாக முடிந்தால் மெய் இரட்டிக்கும். ஸ்டார்ட்டிங்கில் டி இரட்டிக்காததற்குக் காரணம், முடிவில் ஆர், டி என இரண்டு மெய் ஏற்கெனவே நிற்கின்றன. தமிழில் ஸ்டார்ட்டிங் என்று ட் போட்டு எழுதுவதைப் பார்த்து ஆங்கிலத்திலும் இரட்டித்துவிட வேண்டாம்.

அறிகுறி: ஸ்டார்ட் போடவா பிகின் போடவா என்று விரல் நிற்கிறது

பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எதைப் போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மழை, கூட்டம், கதை, வேலை எல்லாவற்றுக்கும் இரண்டும் சரி. பிகின் கொஞ்சம் அமைதியான, எழுத்து நடைச் சொல். ஸ்டார்ட் பேச்சுச் சொல்.

பிகினை அறவே வைக்கக் கூடாத இடங்களை மட்டும் நினைவில் வையுங்கள். இயந்திரம் முதலில்: “ஐ குட் நாட் ஸ்டார்ட் த கார்.” பிகின் த கார் என்றால் சிரிப்பார்கள். தொழில் தொடங்குவதற்கு ஸ்டார்ட் எ பிசினஸ். சண்டை, வதந்தி, தீ போன்ற வேண்டாத காரியங்களைக் கிளப்பிவிடுவதற்கும் ஸ்டார்ட்தான். இவற்றில் எல்லாம் ஒரு விசை, ஓர் உதறல் இருப்பதைக் கவனிக்கலாம். அது தற்செயல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ஸ்டார்ட்டின் மூதாதைச் சொல்லுக்குத் துள்ளி எழுவது, பாய்வது என்றுதான் பொருள். ‘தொடங்கு’ என்பது பல நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. திடுக்கிட வைப்பதற்கான ஸ்டார்ட்டில் என்ற சொல் இதே வேரில் வந்ததுதான். பிகினுக்கோ ஆதியிலிருந்தே தொடங்கு என்ற பொருள் உண்டு.

அறிகுறி: ஸ்டார்ட்டிங் பெயர்ச்சொல்லாக நுழைகிறது

“ஸ்டார்ட்டிங்ல எனக்குப் புரியல” என்று தமிழில் சொல்கிறோம். அது “இன் த ஸ்டார்ட்டிங் ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்” ஆகிறது. இதை நம்மவர்கள் மட்டும் சொல்வதில்லை, வட இந்தியர்களும் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்டார்ட்டிங் இப்படித் தனியாக ஒரு காலப் பகுதியைக் குறிக்காது. ஸ்டார்ட்டிங் சேலரி, ஸ்டார்ட்டிங் பிரைஸ் என்று இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தால் சரி.

வேண்டியது இவற்றில் ஒன்று. முதலில் அப்படி, பிறகு மாறியது என்றால் அட் ஃபர்ஸ்ட்: “அட் ஃபர்ஸ்ட் ஐ டிட் நாட் லைக் சென்னை” என்றால் இப்போது பிடித்துப்போய்விட்டது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். மாதம், ஆண்டு, படம் போன்றவற்றின் தொடக்கம் என்றால் அட் த பிகினிங் ஆஃப் அல்லது அட் த ஸ்டார்ட் ஆஃப். “இன் த பிகினிங் ஆஃப் த இயர்” என்பதைவிட அட் நல்லது. ‘ஸ்டார்ட்டிங்லேருந்தே’ என்பதற்கு ஃப்ரம் த ஸ்டார்ட் அல்லது ஃப்ரம் த வெரி பிகினிங். “ஃப்ரம் த பிகினிங் இட்செல்ஃப்” என்பதில் வரும் இட்செல்ஃப் நம் ‘ஏ’காரத்தின் மொழிபெயர்ப்பு, வெட்டிவிடலாம்.

ஸ்டார்ட்டிங் ட்ரபிள் நம்மூர்த் தயாரிப்பு. காலையில் உதைத்து உதைத்து வேர்த்துப்போன பைக்குக்கும் அது உண்டு, பரீட்சைக்குப் படிக்க உட்காராத பையனுக்கும் உண்டு. தமிழில் அது அற்புதமான சொல், விட்டுவிடாதீர்கள். ஆங்கிலத்தில் மெக்கானிக்கிடம் “த பைக் வோன்ட் ஸ்டார்ட்” என்றோ “இட்ஸ் ஹார்ட் டு ஸ்டார்ட் இன் த மார்னிங்” என்றோ சொல்வார்கள். வண்டி பற்றிய பேச்சில் இன்னொன்று: வேலை விளம்பரத்தில் “செல்ஃப் ஸ்டார்ட்டர் வேண்டும்” என்றால் வண்டியின் செல்ஃப் பட்டன் இல்லை. யாரும் சொல்லாமலே தானாக வேலையைக் கையில் எடுப்பவர் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஸ்டார்ட்டர் என்ற சொல்லே நம் ஊரில் கிணற்று மோட்டாரிலும் டியூப்லைட்டிலும் ஓட்டல் மெனுவிலும் இருக்கிறது. மெனுவில் இருப்பதை அமெரிக்கர்கள் அப்பிடைசர் என்பார்கள்.

அறிகுறி: எல்லாச் சொல்லும் தெரிகிறது, வாக்கியம் மட்டும் புரியவில்லை

இது படிக்கும்போதும் ஆங்கிலப் படம் பார்க்கும்போதும் வருவது. “தே வாண்ட் டு ஸ்டார்ட் எ ஃபேமிலி” என்றால் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று நம்மவர்கள் நினைப்பார்கள். குழந்தை பெற்றுக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதே பொருள். முதல் குழந்தைக்குத்தான் இப்படிச் சொல்வார்கள்.

“ஷி ஸ்டார்ட்டட் அட் த சவுண்ட்.” சத்தத்தில் அவள் எதைத் தொடங்கினாள்? எதையும் இல்லை. திடுக்கிட்டாள், தூக்கிவாரிப்போட்டது. மேலே சொன்ன அந்தப் பழைய பொருள் நாவல்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘வித் எ ஸ்டார்ட்’ என்று வந்தாலும் இதுதான்: விருட்டென்று.

“டோன்ட் யூ ஸ்டார்ட்!” இதற்கு அகராதி புரட்ட வேண்டாம். ஏற்கெனவே அம்மா திட்டிக்கொண்டிருக்கும்போது அக்காவும் வாயைத் திறந்தால் என்ன சொல்வோம்? “நீயும் ஆரம்பிச்சுடாதே!” அச்சு அசல் அதேதான். “ஹி ஸ்டார்ட்டட் இட்” என்பதும் அப்படியே, “அவன்தான் மொதல்ல ஆரம்பிச்சான்.” இரண்டு மொழியும் இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம். நாம் யோசிக்காமல் பேசும் இந்த இடங்களில்தான் பிழையே வருவதில்லை.

“டு ஸ்டார்ட் வித்” என்பதற்கு இரண்டு முகம். காரணங்களை அடுக்கும்போது ‘முதலாவதாக’. கதை சொல்லும்போது ‘ஆரம்பத்தில்’. சுற்றி இருக்கும் வாக்கியத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். “ஸ்டார்ட் பை” வேறு: “ஸ்டார்ட் பை செக்கிங் த பேட்டரி” என்றால் முதல் வேலையாக பேட்டரியைப் பார். “ஸ்டார்ட் செக்கிங்” என்றால் பார்க்கத் தொடங்கு, அவ்வளவுதான். அமெரிக்கர் ஸ்டார்ட் ஓவர் என்றால் மறுபடி முதலிலிருந்து. பிரிட்டனில் ஸ்டார்ட் அகெய்ன். எ நான்-ஸ்டார்ட்டர் என்றால் கிளம்பவே வழியில்லாத யோசனை. ஹெட் ஸ்டார்ட் என்பது மற்றவர்களைவிட முந்திக் கிடைத்த வாய்ப்பு.

அறிகுறி: கடிதம் கனமாக இருக்க வேண்டும் என்று கமென்ஸ் போடுகிறீர்கள்

டெண்டர், தேர்வு அறிவிப்பு, ஒப்பந்தம் ஆகியவற்றில் போடுங்கள். “த எக்ஸாமினேஷன் ஷல் கமென்ஸ் அட் 10.00” என்பது அந்த இடத்துக்கு ஏற்றது. வீட்டுக்கு ஏசி மாட்ட வருபவருக்கு அனுப்பும் செய்தியில் “வென் வில் யூ கமென்ஸ்?” என்று கேட்டால் அவர் பயந்துவிடுவார். இதற்குப் பின்னும் ஃப்ரம் வேண்டாம், ஆன் போதும். அமெரிக்காவில் கமென்ஸ்மென்ட் என்றால் பட்டமளிப்பு விழா. படிப்பு முடிகிற நாளுக்கு ஏன் தொடக்கம் என்று பெயர் என்று கேட்காதீர்கள். அவர்கள் கணக்கில் அன்றைக்குத்தான் வாழ்க்கை ஆரம்பம்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் ஏதோ இடிக்கிறது

அப்படியானால் அந்த இடத்துக்கு ஸ்டார்ட்டும் இல்லை, பிகினும் இல்லை, வேறொரு வினை காத்திருக்கிறது. கடை ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் ஆவதில்லை, ஓபன்ஸ். ஃபேன், லைட், கிணற்று மோட்டார் எல்லாம் ஸ்விட்ச் ஆன் அல்லது டர்ன் ஆன். அமைச்சர் விழாவைத் தொடங்கிவைத்தால் இனாகரேட்டட். ராக்கெட், புதிய போன் மாடல் இரண்டுக்கும் லாஞ்ச். போர், கலவரம், தொற்றுநோய் எல்லாம் பிரோக் அவுட். புதிதாக நீச்சலோ வீணையோ பழகத் தொடங்கினால் டுக் அப். பருவமழைக்குச் செட் இன்: கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி ஜூன் 1 என்று வானிலைத் துறை சொல்வது இதைத்தான், அவர்கள் அதை ஆன்செட் என்ற பெயர்ச்சொல்லால் குறிப்பார்கள்.

பள்ளி, அறக்கட்டளை, கட்சி போன்றவற்றைத் தொடங்கியதற்கு ஃபவுண்ட் என்றொரு வினை உண்டு. அதன் இறந்த காலம் ஃபவுண்டட். “ஹி ஃபவுண்ட் எ ஸ்கூல் இன் 1920” என்று எழுதினால் அவர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தபோது வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டெடுத்தார் என்று ஆகிவிடும். கல்வெட்டில் ஏற்றும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னும் இடிக்கிறதா? அப்படியானால் சொல்லைத் தூக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். தமிழில் கதை சொல்லும்போது ‘பேச ஆரம்பித்தார்’, ‘அழ ஆரம்பித்தாள்’, ‘ஓட ஆரம்பித்தான்’ என்று வரிக்கு வரி ஆரம்பிப்போம். நம் காதுக்கு அது உறுத்துவதில்லை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட்டட் போட்டால் எல்லோரும் எதையாவது தொடங்கிக்கொண்டே இருப்பார்கள், யாரும் எதையும் செய்து முடிக்க மாட்டார்கள். “ஹி ஸ்டார்ட்டட் ரன்னிங் அண்ட் ஸ்டார்ட்டட் ஷவுட்டிங்” என்பதில் தொடக்கம் யாருக்கு வேண்டும்? “ஹி ரேன், ஷவுட்டிங்.” ஓடினான், கத்திக்கொண்டே.